நெஞ்சில் எரிந்த வேறொரு நெருப்பு



 இரவு உணவை முடித்துப் படுத்த ஒரு மணி நேரத்திற்குள், புளித்த நீர் தொண்டைவரை எழும்பி, மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்து, வீட்டார் விழித்துவிடாதபடி விளக்கையும் போடாமல் இருளிலேயே ஜெபித்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களில் சிலருக்காவது இருக்கும். எனக்கு அது பதினாறு வருடங்கள் இருந்தது. அந்தப் பதினாறு வருடங்களில் நான் செய்த தவறுகளையும், முடிவில் என் வயிற்றில் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சையையும் குறித்து எழுதும்படி எங்கள் சபையில் சிலர் கேட்டுக்கொண்டார்கள். வயிற்றைப் பற்றி எழுதுவது ஆவிக்குரிய காரியமா என்று முதலில் தயங்கினேன். ஆயினும் பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதின நிருபத்திலேயே அந்த வாலிபனுடைய வயிற்றையும் அவனுக்கு அடிக்கடி உண்டான பலவீனத்தையும் நினைத்து ஆலோசனை சொல்லியிருக்கிறபடியால், எனக்குத் தைரியம் உண்டாயிற்று.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தை ஒட்டியிருந்த தொழிலாளர் லைன் வீடொன்றில். என் பாட்டனார் வடஆற்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி அங்கே வந்தவர். என் தகப்பனார் இருபத்தாறு வருடங்கள் பூமிக்கடியில் உழைத்தார். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்கு இறங்கிய சுரங்கம் அது. பாறையைத் துளைக்கும்போது எழும்பும் நுண்ணிய தூசி நுரையீரலில் படிந்து அதை இறுகச் செய்துவிடும். அந்த நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். 1940-க்கும் 1946-க்கும் இடையே எங்கள் ஊரில் 7,653 தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் அந்நோய் காணப்பட்டதாக மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. ஆகையால் எங்கள் லைனில் யார் இருமினாலும் அது சுரங்கத்து இருமல்தான். வேறு காரணம் இருக்கக்கூடும் என்ற எண்ணமே ஒருவருக்கும் வராது.

என் தகப்பனாரும் இருமினார். பகலில் குறைவாகவும் படுத்தபின் அதிகமாகவும் இருமுவார் என்று என் தாயார் பின்னாளில் சொன்னார்கள். காலையில் வாயெல்லாம் புளிக்கிறது என்று சொல்லி, சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார். கடைசிச் சில வருடங்கள் அவர் கட்டிலில் படுக்கவேயில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே உறங்கினார். 1993-ஆம் ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நுரையீரலில் தூசி இருந்தது உண்மை. அதைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றைக் குறித்து ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. இந்தப் பத்திரிகையை வாசிக்கிற தங்கவயல் குடும்பங்களுக்கு அந்த நாளைப்பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. பலர் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார்கள். நானோ பதின்மூன்று வருடங்கள் இரயிலிலேயே போய்வந்தேன். மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் விடியற்கால வண்டியில் சாம்பியனில் ஏறி, பங்காருப்பேட்டை, மாலூர், ஒயிட்ஃபீல்ட் கடந்து, கண்டோன்மென்டில் இறங்கி, ஒரு பண்டகசாலையில் கணக்கெழுதப் போவேன். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டீ. மதியம் ஆறிப்போன டப்பாச் சோறு. வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகும். பத்து மணிக்குச் சாப்பாடு, பத்தரைக்குப் படுக்கை. பகலெல்லாம் குறைத்து உண்டதை இரவில் ஈடுகட்டுவதுபோலச் சாப்பிடுவேன். பிறகு கிருஷ்ணராஜபுரத்தில் வாடகைக்குக் குடியேறினோம். இரயில் பயணம் நின்றது, சாப்பாட்டு நேரம் மட்டும் மாறவில்லை.

நம் சரீரத்தில் உணவுக்குழாய் இரைப்பையோடு சேருகிற இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது அது திறக்கும், மற்ற வேளைகளில் மூடியிருக்கும். அதைச் சுற்றி, மார்பையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் என்னும் தசைத்திரை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகவும் கடுமையானது. இரைப்பை அதைத் தாங்கும்படி உண்டாக்கப்பட்டிருக்கிறது, உணவுக்குழாய் அப்படியல்ல. அந்த வளையம் தளர்ந்தால் அமிலம் மேலேறி எரிக்கும். சிலருக்கு உதரவிதானத்தின் துவாரமே அகன்று, இரைப்பையின் மேற்பகுதி மார்புக்குள் ஏறிவிடும். அதை ஹையாட்டஸ் ஹெர்னியா என்பார்கள். வயிறு நிறைய உண்டு உடனே படுத்தால், பழுதுபட்ட கதவுக்கு எதிரே ஒரு குடம் தண்ணீரைச் சாய்த்து வைத்ததுபோல ஆகும்.

இவையெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அப்போது நான் அறிந்ததெல்லாம் 'கேஸ் ட்ரபிள்' என்ற ஒரே வார்த்தைதான். இளஞ்சிவப்பு நிற மருந்துப் போத்தல் ஒன்று எப்போதும் பையில் இருக்கும். மருந்துக்கடையில் மாத்திரை கேட்டு வாங்குவேன். எரியும் நாளில் ஒன்று, எரியாத நாளில் இல்லை. இடையே மருத்துவரிடமும் போனேன். அவர் சோதனை ஒன்றும் செய்யாமல் அதே மாத்திரையை மூன்று மாதத்துக்கு எழுதித் தந்தார். எப்போது சாப்பிடவேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நெஞ்சில் உண்டாகும் எல்லா எரிச்சலும் வயிற்றிலிருந்து வருவதல்ல. இறுக்கம், வியர்வை, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, நடந்தால் கூடும் வலி ஆகியவை இருந்தால் சோடா குடித்துவிட்டுக் காத்திராதேயுங்கள். அருகிலுள்ள மருத்துவமனையில் உடனே ஈ.சி.ஜி. எடுங்கள். 'கேஸ்' என்று எண்ணி வீட்டிலேயே இருந்து, விடியுமுன் நாம் இழந்த சகோதரர் எங்கள் சபையிலேயே ஒருவர் உண்டு.

ஒவ்வொரு ஜனவரியிலும் எங்கள் சபையில் உபவாசக் கூட்டம் நடக்கும். பகலெல்லாம் வெறும் வயிறு. மாலையில் கூட்டம் முடிந்ததும் பசியின் வேகத்தில் பெருந்தீனி. அந்த நாட்களில் எனக்கு இரவுகள் நரகமாயிருந்தன. இதைச் சொல்லாமல் மறைத்தேன். ஏனெனில், எங்களுக்குள் மூப்பரான ஒருவர் ஒருமுறை என் சட்டைப்பையில் மாத்திரை அட்டையைக் கண்டு, "இன்னும் இதையா நம்புகிறீர்?" என்று கேட்டார். அவர் அன்பினால்தான் கேட்டார், இன்றைக்கும் எனக்காக ஜெபிக்கிறவர். ஆனால் அந்தக் கேள்வி எரிச்சலைவிட அதிகமாக எரிந்தது. எத்தனையோ பேர் சுகமடைந்து சாட்சி சொன்ன மேடையின் முன் நான் முழங்காலில் நின்று, என்னில் மாத்திரம் விசுவாசம் குறைந்தது ஏன் என்று கர்த்தரிடம் கேட்டிருக்கிறேன்.

2018-ஆம் ஆண்டின் முடிவில் நிலைமை மோசமாயிற்று. குனிந்து செருப்பு மாட்டினால் உண்ட சோறு வாய்க்கு வரும். ஓர் இரவு அந்த நீர் மூச்சுக்குழாயில் இறங்கி, நுரையீரலில் கிருமி தொற்றி, பத்து நாட்கள் காய்ச்சலாய்க் கிடந்தேன். அதற்குப்பின் படுக்கப் பயந்து, பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு சாய்த்து, அதில் உட்கார்ந்தே உறங்கத் தொடங்கினேன். அப்போது என் தாயார் எங்களோடு வந்து தங்கியிருந்தார்கள். ஒருநாள் விடியற்காலையில் கண் விழித்தபோது, எதிரே தரையில் அமர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உங்கப்பாவும் இப்படித்தான்டா தூங்கினார்" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. தகப்பனார் உட்கார்ந்தே உறங்கியதும், சோடா உப்பு கரைத்ததும், காலையில் வாய் புளித்ததும் ஒவ்வொன்றாக அன்றைக்குத்தான் என் தாயாரின் வாயிலிருந்து வந்தன.

அன்று மாலையே எங்கள் பாஸ்டர் ஐயாவிடம் போனேன். அவர் எண்ணெய் பூசி, என் தலையில் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தார். பின்பு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தான், கர்த்தர் ஆயுசைக் கூட்டிக் கொடுத்தார். அதே அதிகாரத்தில் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னதையும் வாசித்திருக்கிறீரா? நாளைக்கு லீவு போட்டு ஒரு நல்ல வயிற்று மருத்துவரைப் பாரும்" என்றார். பவுலோடு லூக்கா என்னும் வைத்தியன் கடைசிவரை இருந்ததை நான் நினைத்துக்கொண்டேன்.

நான் போன வயிற்று மருத்துவர் என் பழைய காகிதங்களையெல்லாம் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள்?" என்பதுதான். "இரவு சாப்பாட்டுக்குப்பின், எரிந்தால்" என்றேன். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகள் வயிற்றில் அமிலத்தைச் சுரக்கிற நுண்ணிய பம்புகளை அடைப்பவை என்றும், நாம் உண்ணத் தொடங்கும்போதுதான் அந்தப் பம்புகள் விழித்தெழும் என்றும், ஆகையால் காலை உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரத்துக்கு முன்பே மாத்திரை இரத்தத்தில் இருக்கவேண்டும் என்றும் விளக்கினார். இத்தனை வருடங்களும் திருடன் போனபின்பு கதவைப் பூட்டியிருக்கிறேன்.

எட்டு வாரம் முறைப்படி உட்கொள்ளச் சொன்னார். இரவு உணவை ஏழரைக்குள் முடித்து, மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கவும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரையடி உயரம் மரக்கட்டை வைக்கவும், இடப்பக்கம் சரிந்து படுக்கவும், ஆறு கிலோ எடையைக் குறைக்கவும் சொன்னார். செய்தேன். எரிச்சல் ஏறக்குறைய முற்றும் நின்றுவிட்டது.

ஆனால் நீர் ஏறுவது நிற்கவில்லை. புளிப்பு குறைந்திருந்தது, குனிந்தால் சோறு வந்தது, இரவில் இருமலும் வந்தது. இதற்குக் காரணத்தை அவர் சொன்னவிதம் எனக்கு நன்றாய் நினைவிருக்கிறது. மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், கதவைப் பழுதுபார்க்காது. எரிச்சல் அமிலத்தின் வேலை, எதுக்களிப்பு கதவின் வேலை. அறுவைச் சிகிச்சை என்ற வார்த்தையை அன்றுதான் முதன்முதலாக அவர் வாயிலிருந்து கேட்டேன். கேட்டதும், "அப்படியானால் நாளைக்கே செய்துவிடுங்கள்" என்றேன். அவர் சிரித்து, "சோதனைகள் முடியட்டும்" என்றார்.

அந்தச் சோதனைகளை நான் அப்போது வீண்செலவு என்றே எண்ணினேன். 2019-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி அறிந்தபின்பு அந்த எண்ணம் மாறிற்று. முன்னாள் இராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில், மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று அனுப்பப்பட்ட 366 பேரை எடுத்துக்கொண்டார்கள். முதலில் எல்லாரும் இரண்டு வாரம் மாத்திரையைச் சரியான முறையில் உட்கொள்ளும்படி செய்யப்பட்டார்கள். 42 பேருக்கு அதிலேயே குணம் கிடைத்தது. என்னைப்போல் தவறாய் உண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் போலும். 99 பேருக்குச் சோதித்தபோது எரிச்சல் அமிலத்தினால் உண்டானதே அல்ல என்று தெரிந்தது. இன்னும் 23 பேருக்கு உணவுக்குழாயில் வேறு நோய் இருந்தது. வேறு காரணங்களாலும் பலர் விலக, முடிவில் 78 பேரே எஞ்சினார்கள். அவர்களில் அறுவைச் சிகிச்சைக்கென்று பிரிக்கப்பட்ட 27 பேரில் 18 பேர் நலமடைந்தார்கள், மருந்துகளைக் கூட்டிக் கொடுத்த 25 பேரில் 7 பேரே நலமடைந்தார்கள். தகுந்தவருக்குச் செய்தால் கத்தி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அனுப்பப்பட்ட 366 பேரையும் கேள்வி கேட்காமல் அறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

எனக்கு எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் புண் ஆறிய வடுக்களும், நாலு சென்டிமீட்டர் அளவுக்கு மேலேறிய ஹெர்னியாவும் தெரிந்தன. பின்பு மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, இருபத்துநாலு மணி நேரம் அமிலம் எத்தனை முறை ஏறுகிறது என்று அளந்தார்கள். அந்தக் குழாயோடு இரயிலடிவரை நடந்து போய்வந்தேன், பார்த்தவர்கள் பரிதபித்தார்கள். மூன்றாவதாக மானோமெட்ரி என்ற சோதனையில் உணவுக்குழாய் எவ்வளவு வலுவாகத் தள்ளுகிறது என்று பார்த்தார்கள். இதை யாராவது தேவையில்லை என்று சொன்னால் ஏற்காதேயுங்கள். அகலேசியா என்று ஒரு நோய் உண்டு. அதில் கதவு திறப்பதேயில்லை. அதற்கும் சோறு எதுக்களிக்கும், நெஞ்சும் எரியும். அப்படிப்பட்டவருக்குக் கதவை இன்னும் இறுக்கித் தைத்தால் அவர் தண்ணீரும் விழுங்கமாட்டார்.

அறுவைச் சிகிச்சையின் பெயர் ஃபண்டோப்ளிகேஷன். இரைப்பையின் மேற்பகுதியை ஒரு சால்வையைப்போல உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றி மடித்துத் தைத்துவிடுவார்கள். ஹெர்னியா இருந்தால் அதைக் கீழே இறக்கி, அகன்ற துவாரத்தையும் தைத்துச் சுருக்குவார்கள். வயிறு நிறையும்போது அந்த மடிப்பும் நிறைந்து உணவுக்குழாயை நெருக்கும். ஆகவே உள்ளே இருப்பது மேலே ஏறாது.

இதைக் கண்டுபிடித்தவரின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. ருடால்ஃப் நிஸ்ஸன் யூத வம்சத்தைச் சேர்ந்த ஜெர்மானிய மருத்துவர். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறி, துருக்கியின் இஸ்தான்புல் நகரில் பேராசிரியரானார். அங்கே ஒரு வாலிபனுக்கு உணவுக்குழாயின் அடிப்பகுதியை வெட்டி எடுக்க நேர்ந்தபோது, தையல் கசியாதிருக்க இரைப்பையின் மடிப்புகளை அதைச் சுற்றிப் போர்த்தி வைத்தார். பல வருடங்களுக்குப்பின் விசாரித்தபோது, அந்த மனிதனுக்கு அமிலம் மேலேறும் தொல்லையே இல்லை என்று அறிந்தார். அது அவர் மனதில் தங்கியிருந்தது. பிறகு அமெரிக்கா போய், 1948-இல் விஞ்ஞானி ஐன்ஸ்டீனின் வயிற்றில் புடைத்திருந்த பெருந்தமனிக்கு அறுவைச் சிகிச்சை செய்தவரும் இவரே. ஐன்ஸ்டீன் மேலும் ஆறு வருடங்களுக்குச் சற்று அதிகமாக உயிரோடிருந்து 1955-இல் மரித்தார். அதே 1955-இல், ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகரில், நிஸ்ஸன் தம்முடைய பழைய நினைவை எடுத்து, கடுமையான எதுக்களிப்பினால் வருந்திய ஒரு ஸ்திரீக்கு இந்தச் சிகிச்சையை முதன்முதலில் செய்தார். நாடு கடந்து அலைந்த ஒருவருடைய கைவேலை, சுரங்கம் மூடியதால் அலைந்த என்னிடம் வந்து சேர்ந்தது என்று எண்ணும்போது கண் கலங்குகிறது.

அக்காலத்தில் வயிற்றை நீளமாகக் கிழித்துச் செய்தார்கள். 1991 முதல் லேப்ராஸ்கோப்பி முறையில் ஐந்து சிறு துவாரங்கள் வழியே செய்ய வழி பிறந்தது. நிஸ்ஸன் முறையில் முழுச் சுற்றாக மடிப்பார்கள். 1960-களில் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்களான டோர், டூப்பே ஆகியோர் பகுதிச் சுற்று முறைகளைக் கொண்டுவந்தார்கள். டூப்பே முறையில் பின்புறமாக முக்கால் சுற்று, டோர் முறையில் முன்புறமாக அரைச் சுற்று. பகுதிச் சுற்றில் விழுங்கக் கஷ்டப்படுவதும் வயிறு உப்புவதும் குறைவு. என் உணவுக்குழாயின் தள்ளும் வலு சற்றுக் குறைந்திருந்தபடியால் எனக்கு முக்கால் சுற்றையே தெரிந்துகொண்டார்கள்.

வேறு வழிகளும் உண்டு. காந்த மணிகளை வளையமாகக் கோர்த்து உணவுக்குழாயைச் சுற்றி மாட்டும் முறைக்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விழுங்கும்போது மணிகள் விலகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். வாய் வழியாகவே கருவியை இறக்கி மடிப்புண்டாக்கும் முறையும் இருக்கிறது, பெரிய ஹெர்னியா உள்ளவர்களுக்கு அது மட்டும் போதாது. உடற்பருமன் மிகுந்தவர்களுக்கு மடித்துத் தைப்பதைவிட, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் முறை எடையையும் எதுக்களிப்பையும் ஒருங்கே குறைக்கும். ஆனால் எடை குறைப்பதற்கென்று இப்போது நகரங்களில் அதிகமாய்ச் செய்யப்படுகிற ஸ்லீவ் என்னும் சிகிச்சை, எதுக்களிப்பைக் கூட்டிவிடக்கூடும். விளம்பரத்தைப் பார்த்துப் போகிறவர்கள் இதைக் கேட்டே ஆகவேண்டும்.

"செய்தால் ஆயுசுக்கும் மாத்திரை வேண்டாமா?" என்று நான் கேட்டேன். மருத்துவர் வாக்குக் கொடுக்கவில்லை. ஐரோப்பாவில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், மாத்திரைக்கு நன்கு இணங்கியவர்களையே இரு பிரிவாக்கி ஐந்து வருடம் கவனித்தார்கள். மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 92 சதவீதமும், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் 85 சதவீதமும் நோய் அடங்கியிருந்தார்கள். மாத்திரையே போதுமானவருக்குக் கத்தி அவசரமில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. ஸ்வீடனில் சிகிச்சை பெற்ற 2,655 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது 17.7 சதவீதத்தினருக்கு எதுக்களிப்பு திரும்பிற்று என்று 2017-இல் எழுதினார்கள். அதாவது ஆறு பேரில் ஒருவர். இந்தக் கணக்கை என் மனைவியிடம் சொன்னேன். "ஐந்து பேருக்குத் திரும்பவில்லையே" என்றாள்.

2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். வயிற்றில் ஊதிய வாயுவினால் தோள்பட்டையில் வலி இருந்தது, வயிற்றிலே செய்ததற்குத் தோள் ஏன் வலிக்கிறது என்று தாயார் பயந்தார்கள். அது சில நாட்களில் போயிற்று. முதல் இரண்டு வாரம் கஞ்சித் தெளிவும் மோரும், பின்பு குழைந்த சாதமும் மசித்த பருப்பும். சப்பாத்தி, ரொட்டி, இறைச்சி ஆறு வாரத்துக்கு ஆகாது. தையலிட்ட இடம் வீங்கியிருக்கும்போது ரொட்டித் துண்டு அதில் சிக்கிக்கொள்ளும். இதன் பொருள் முதல் ஞாயிறன்றுதான் எனக்கு உறைத்தது. திருவிருந்தில் அப்பத்தட்டு என்னிடம் வந்தபோது கை நடுங்கிற்று. பாஸ்டர் ஐயா அதைக் கண்டு, நுனி நகமளவு பிய்த்துக் கொடுத்தார். அதை வாயிலேயே கரையும்வரை வைத்திருந்தேன்.

எல்லாம் சுகமாய் முடிந்தது என்று எழுதினால் அது பொய்ச்சாட்சி ஆகும். ஏப்பம் இன்னும் முன்போல வருவதில்லை. வெளியேறாத காற்று கீழே இறங்கி, கூட்டங்களில் உட்கார்ந்திருக்கையில் சங்கடப்படுத்தும். ஒருமுறை கெட்ட உணவை உண்டு வாந்தியெடுக்க வேண்டியபோது, வாந்தி வராமல் குமட்டலோடு ஓர் இரவு தவித்தேன். வேகமாய் உண்டால் நெஞ்சில் நிற்கிறது. ஆகவே நான் இப்போது எங்கள் வீட்டில் கடைசியாய்ச் சாப்பிட்டு எழுகிறவன். பழைய வடுக்கள் இருக்கிறபடியால், மருத்துவர் குறித்த காலத்தில் எண்டோஸ்கோப்பியும் செய்துகொள்ளுகிறேன். நாட்பட்ட எதுக்களிப்பு சிலருக்கு உணவுக்குழாயின் உட்தோலை மாற்றிப் புற்றுநோய்க்கு வழிதிறக்கும். தைத்துவிட்டதனால் அந்தப் பயம் நீங்கிவிட்டது என்று எண்ணக்கூடாது. விழுங்கும்போது தடை, காரணமின்றி எடை குறைதல், கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவை கண்டால் மாத்திரை வாங்கப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

ஆனால் நான் படுத்து உறங்குகிறேன். பிளாஸ்டிக் நாற்காலியை என் தாயாரே தெருவில் போகிற பழைய சாமான்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று மாதங்களுக்குப்பின் சாட்சி சொல்லும் வேளையில் எழுந்து நின்றேன். நம்முடைய சபைகளில் மருந்தில்லாமல் சுகம் பெற்றவர்கள் எழுந்து நிற்பது வழக்கம். நானோ, "எட்டு வாரம் மாத்திரை, மூன்று சோதனை, ஐந்து துவாரம், இவைகளினாலே கர்த்தர் என்னை உறங்கப்பண்ணினார்" என்றேன். சிறிது நேரம் அமைதியாயிருந்தது. பின்வரிசையிலிருந்து முதல் "அல்லேலூயா" வந்தது. சட்டைப்பையிலிருந்த மாத்திரையைக் கண்டு என்னைக் கேட்ட அந்த மூப்பர்தான். கூட்டம் முடிந்தபின் என்னைத் தனியே அழைத்து, தமக்கும் பல வருடங்களாக இரவில் நீர் ஏறுகிறது என்று சொன்னார்.

சென்ற மாதம் கல்லறைத் தோட்டத்தில் தகப்பனாரின் கல்லறையைச் சுத்தம் செய்வதற்காக ஊருக்குப் போய்த் திரும்பினேன். இரயிலில் எதிரே அமர்ந்த வாலிபன், தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவன், பையிலிருந்து அதே இளஞ்சிவப்புப் போத்தலை எடுத்துக் குடித்தான். பேச்சுக் கொடுத்தேன். நாலு வருடமாக எரிச்சல் என்றும், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமாமே, எவ்வளவு ஆகும் என்றும் கேட்டான். நான் செலவைச் சொல்லாமல், "தம்பி, மாத்திரையை எப்போது சாப்பிடுகிறாய்?" என்று கேட்டேன்.

"ராத்திரி சாப்பிட்டுப் படுக்கும்போது, அண்ணா" என்றான்.

பங்காருப்பேட்டையில் வண்டி நின்றது. டீக்காரர் வந்தார். அவன் கை நீட்டப் போய், என் முகத்தைப் பார்த்து, வேண்டாமென்று தலையசைத்தான். மாலூர் வருமட்டும் அவனோடு பேசிக்கொண்டு வந்தேன்.